கல்லுக்கு அந்தாண்ட

எங்க வூட்டுக்காரர் பேரு சுந்தர்சிங். கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்ல. "இவரு", எங்க பொண்ணு யூனிசுக்கு அப்பாங்கறதால "யூனிஸ் நைனா", கோவம் வந்தா "இந்த மனுஷன்", அவ்வளவுதான். இப்ப சொல்றேன். அவரு கதைய சொல்ல உக்காந்துட்டு பேரை முழுங்கினா எப்படி?

சர்வே ஆபீசுல செயின்மேன் வேலை. நிலம் அளக்கற சர்வேயர் புளியமரத்து நிழல்ல நின்னு நோட்டுல எழுதுவாரு. வெயில்லயும் முள்ளுலயும் சங்கிலிய இஸ்துக்கினு ஓடறது இவரு. நூறு கண்ணி கோத்த இரும்புச் சங்கிலி, அறுபத்தாறு அடி. அதைத் தோள்ல போட்டுக்கினு இந்த சித்தூர் ஜில்லாவுல இவரு மிதிக்காத வரப்பு கிடையாது. எதைப் பார்த்தாலும் கண்ணிக் கணக்குதான். என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு எங்க வூட்டு வாசலைப் பார்த்து, "பதினெட்டு கண்ணி இருக்கும்"னாரு. "பொண்ணைப் பார்க்க வந்தீங்களா, வாசலைப் பார்க்க வந்தீங்களா தம்பி"ன்னு எங்க அம்மா கேட்டே உட்டாங்க.

ஒரு குணத்தை மட்டும் நான் எங்கயும் பெருமையா சொல்லிக்குவேன். ஒரு தரம் இஸ்த அளவை அவரு நம்ப மாட்டாரு. சர்வேயர் "போதும்யா, பசிக்குது"ன்னு கத்தினாலும், "இன்னொரு தரம் இஸ்துடறேன் சார்"னு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு. அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு நாள் ஒரு வார்த்தைய மட்டும் அளக்காம உட்டாரு. அது பதினெட்டு வருஷம் எங்க கூடவே வந்துச்சு.

என் பேரு லோயிஸ். மிஷன் ஹாஸ்டல்ல சமையல். நூத்தி இருபது பொண்ணுங்களுக்கு மூணு வேளை ஆக்கிப் போட்டவ. என் வாய் கொஞ்சம் நீளம்னு சபையில எல்லாருக்கும் தெரியும், பாஸ்டரம்மாவுக்கு நல்லாவே தெரியும். சொல்லச் சொல்ல எனக்குக் கோவம் வரும், பொறுத்துக்கோங்க. அதுல பாதி என் மேலயேதான்.

அறுபத்தாறாம் வருஷம். கங்காதர நெல்லூர் போற ரோட்டுல இருந்து ரெண்டு மைல் உள்ள நடந்தா எட்டிக்குட்டைன்னு ஒரு ஊரு. அங்க ஏரிக்கரையில யானாதி ஜனங்க ஆறு குடும்பம் இருந்தாங்க. வயல் எலி பிடிப்பாங்க, மீன் பிடிப்பாங்க, அடுத்தவங்க மாந்தோப்புக்குக் காவல் இருப்பாங்க. ஊருக்கே அவங்க ஒழைப்பு வேணும், ஆனா அவங்க பேர்ல ஒரு சாண் மண்ணு கிடையாது. அந்த வருஷம் கவர்மெண்ட் குடும்பத்துக்கு ரெண்டு ஏக்கர் தரிசு ஒதுக்குச்சு. டி பட்டான்னு சொல்லுவாங்க. விக்கக் கூடாது, அடமானம் வெக்கக் கூடாது, அவங்களே பயிர் வெக்கணும், நிலத்தை உட்டுட்டுப் போனா பட்டா ரத்து. இதெல்லாம் பட்டாவுக்குப் பின்னாடி தெலுங்குல பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும். ஆறு குடும்பத்துல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது.

அதுல ஒரு குடும்பம் போலய்யா, அவன் பொண்டாட்டி செஞ்சம்மா, இடுப்புல ரெண்டு வயசு பையன் கங்கையா. அவங்க நிலம் அஞ்சு சங்கிலி நீளம், நாலு சங்கிலி அகலம். வடக்கால தாமோதரன்னு ஒருத்தரோட மாந்தோப்பு. கிழக்கால வண்டிப்பாதை, அது கவர்மெண்டுது. இவருதான் அளந்து நாலு மூலையிலயும் கல்லு நட்டாரு. போலய்யா கூடமாட குழி தோண்டிக்கினே, "இந்தக் கல்லு எதுக்கு அண்ணா?"ன்னு கேட்டானாம். "கல்லுக்கு இந்தாண்ட உன்னுது, அந்தாண்ட உன்னுது இல்ல"ன்னு இவரு சொன்னாரு. அவன் விழுந்து விழுந்து சிரிச்சானாம். "இது எலிக்குத் தெரியுமா அண்ணா?"

செஞ்சம்மா சிரிக்கல. எல்லாரும் போனப்புறம் பையனை இடுப்புல வெச்சிக்கினு நாலு கல்லையும் சுத்தி வந்தாளாம். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து. இவரு வூட்டுக்கு வந்து துன்னும்போது சொன்னாரு: "நான் சங்கிலி வெச்சி அளந்தேன் லோயிசு. அந்தப் பொண்ணு காலாலயே அளந்துடுச்சு." அந்தக் கிறிஸ்துமசுக்கு அவ ஒரு தூக்கு நெறைய தேன் கொண்டாந்து குடுத்தா. அவரை அண்ணான்னு கூப்பிட்டவ என்னைத் தெலுங்குல வதினான்னு கூப்பிட்டா. அண்ணிங்கறதுதான். எனக்கு நாத்தனார் கிடையாது. அன்னையில இருந்து ஒருத்தி கிடைச்சா.

மூணு வருஷம் கடலை போட்டாங்க. நல்லாத்தான் விளைஞ்சுது. அறுபத்தொன்பது சித்திரையில போலய்யாவுக்கு ஜுரம் வந்துச்சு. நாலு நாள்ல, குடிசைக்குள்ள, உயிர் பூடுச்சு.

இங்க அவங்க வழக்கம் ஒண்ணு சொல்லணும். குடியிருக்கற நிலத்துக்குள்ள சாவு விழுந்தா அவங்க கூட்டத்துல அந்த மண்ணுல ஒரு வருஷம் அடுப்பு மூட்ட மாட்டாங்க. குடிசைய கொளுத்திட்டு, சட்டிபானைய அங்கியே ஒடச்சிட்டு, பிள்ளைங்களை இட்டுக்கினு வேற இடம் பூடுவாங்க. வருஷம் திரும்பினா வந்து, அதே நிலத்துல வேற மூலையில புதுசா குடிசை போடுவாங்க. செத்தவனுக்கு அந்த ஒரு வருஷம் அந்த இடத்தை உட்டுக் குடுக்கறாங்க, அவ்வளவுதான். நிலத்துக்கு வெளியில செத்தா இது கிடையாது. செஞ்சம்மாவோட நைனா மீன் பிடிக்கப் போன எடத்துல ஏரிக்கரையில செத்தாரு, யாரும் எங்கயும் போவல. போலய்யா செத்ததும், இந்த வழக்கமும் எனக்கு அப்பால தெரிஞ்சதுதான். அப்ப தெரியாது. இவருக்கும் தெரியாது.

செஞ்சம்மா குடிசைய கொளுத்திட்டு, கங்கையாவை இட்டுக்கினு, பத்து மைல் தள்ளி வேற ஏரிக்குப் பூட்டா. ஆவணியில ஆர்.ஐ. வந்தாரு, ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பட்டா குடுத்த நிலத்துல எல்லாம் பயிர் இருக்குதான்னு பார்க்கற வேலை. இவரையும் கூட இட்டுக்கினு போனாரு. மத்த அஞ்சு குடும்பத்து நிலமும் ஏரிக்கு அந்தப் பக்கம். இங்க போலய்யா நிலத்துல பயிர் இல்ல, ஆள் இல்ல, கருகின நாலு கம்பு நின்னுக்கினு இருந்துச்சு.

"இன்னாய்யா, யாரும் இல்லியா?"ன்னாரு ஆர்.ஐ.

"இல்ல சார். குடிசைய கொளுத்திட்டுப் பூட்டாங்க சார்."

அவ்வளவுதான் சொன்னாரு. பார்த்ததைச் சொன்னாரு. பொய் இல்ல. ஆனா ஏன் கொளுத்தினாங்கன்னு கேக்கல. ஏரியச் சுத்திக்கினு போயி அந்த அஞ்சு குடும்பத்துல ஒருத்தரைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. வெயிலு, பசி, ஆர்.ஐ.க்கு தாமோதரன் வூட்ல சாப்பாடு தயாரா இருந்துச்சு. மாமரத்தடியில உக்காந்து பஞ்சநாமா எழுதினாங்க, நேர்ல பார்த்து எழுதற அறிக்கை. "பட்டாதாரர் நிலத்தைக் கைவிட்டு, குடிசையைத் தாமே அழித்துவிட்டுச் சென்றுவிட்டார்." கீழ சாட்சி, சுந்தர்சிங், செயின்மேன்னு இவரு கையெழுத்து. மிஷன் ஸ்கூல்ல கத்துக்குடுத்த முத்து முத்தான கையெழுத்து.

ரெண்டு வாரம் கழிச்சு சித்தூர் மார்க்கெட்டுல செஞ்சம்மாவைப் பார்த்தேன். மீன் வித்துக்கினு இருந்தா. "ஏண்டி, சொல்லாம கொள்ளாம எங்க பூட்டே?"ன்னேன். போலய்யா செத்ததையும் அவங்க வழக்கத்தையும் சொன்னா. "அடுத்த சித்திரைக்கு வந்துடுவோம் வதினா. கடலை வெதை கூட எடுத்து வெச்சிருக்கேன்." வூட்டுக்கு வந்து இவருகிட்ட சொன்னேன். துன்னுக்கினு இருந்தவரு பாதியில எழுந்து கை கழுவிட்டாரு. அதுக்கு முந்தி அவரு மூஞ்சிய நான் அப்படிப் பார்த்ததே இல்ல.

மறுநாளே ஆர்.ஐ.கிட்ட ஓடினாரு. "எழுதி மேல பூடுச்சுய்யா, இப்ப வந்து மாத்திச் சொன்னா ஒன் வேலைக்குத்தான் கேடு"ன்னாரு அவரு. வூட்டுக்கு வந்து, "கலெக்டர் ஆபீசுக்கே போயி சொல்லிடட்டுமா?"ன்னு என்னைக் கேட்டாரு. அப்ப யூனிஸ் கைக்குழந்தை. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "கம்முனு இருங்க. ஊர் வழக்கைத் தலையில போட்டுக்காதீங்க"ன்னேன். சொன்னது இந்த வாய்தான். ஞாயித்துக்கெழம சபையில முன்வரிசையில குந்திக்கினு பாட்டு பாடின அதே வாய். அவரு ஒரு தரம் தப்பா பேசினாரு. நான் தெரிஞ்சே அவரு வாயை அடைச்சேன்.

பட்டா ரத்தாச்சு. செஞ்சம்மா சித்திரையில வெதைக் கடலையோட வந்து நின்னப்ப, அவ நிலத்துல இடுப்பு உசரத்துக்கு மாஞ்செடி. தாமோதரன் கத்தற ஆளு இல்ல, மெதுவாத்தான் பேசுவாரு. "கவர்மெண்ட் ரத்து பண்ணிடுச்சும்மா, நான் இன்னா பண்றது? சொம்மா கிடக்குதேன்னு செடி வெச்சேன். நீ எங்கயும் போவாத. இங்கியே காவலுக்கு இரு"ன்னாரு. பாருங்க இந்த அநியாயத்தை! சொந்த நிலத்துல அடுத்தவன் மரத்துக்குக் காவல். வேற போக்கு இல்லாம இருந்தா. வண்டிப்பாதை ஓரமா ஒரு குடிசை போட்டுக்கினு பத்து வருஷம் இருந்தா. அந்தப் பத்து வருஷமும் அந்தப் பக்கம் வேலைன்னா இவரு வேற செயின்மேனை அனுப்பிட்டு லீவு போடுவாரு. மாங்கா சீசன்ல தாமோதரன் தோப்புல இருந்து ஹாஸ்டலுக்குக் கூடை கூடையா மாங்கா வரும். அதுல ஊறுகா போடும்போதெல்லாம் எனக்குக் கை எரியும்.

எழுவத்துமூணுல இவரை ஆறு மாசம் வடக்க அனுப்பினாங்க, ரம்பச்சோடவரம் பக்கம், மலை ஜனங்க நிலத்தை அளக்க. திரும்பி வந்தவரு ஆளே மாறிட்டாரு. சங்கிலியக் கூட கழட்டி வெக்காம சொன்னாரு: "அங்க மலை ஜனங்க நிலத்தை வெளியாளு வாங்கவே முடியாது லோயிசு. அவனே விக்கறேன்னு கைநாட்டு வெச்சாலும் செல்லாது. அரசியல் சட்டத்துல அஞ்சாவது ஷெட்யூல்னு ஒண்ணு இருக்குதாம். அதை வெச்சி சட்டம் போட்டிருக்காங்க. அந்த நிலத்தை வெளியாளு வெச்சிருந்தா, அவன்தான் எப்படி வந்துச்சுன்னு காட்டணுமாம்."

"அப்ப நம்ம யானாதிங்களுக்கும் அதே சட்டம்தானே?"ன்னேன்.

"அதைத்தான் நானும் சர்வேயரைக் கேட்டேன். 'பழங்குடிப் பட்டியல்ல யானாதி இருக்குதுய்யா, ஆனா மேப்புல சித்தூர் ஜில்லா இல்ல. ஷெட்யூல் ஏரியாவுக்குள்ள இருந்தாத்தான் அந்தச் சட்டம்'னாரு." சங்கிலிய கையில உருட்டிக்கினே சொன்னாரு. "முப்பது வருஷமா கோடு போடறவங்க கூட நடக்கறேன். அந்தக் கோட்டை யாரு இஸ்தாங்கன்னு தெரியல. ஒரு மனுஷன் கோட்டுக்கு அந்தப் பக்கம் பொறந்தா அவன் நிலத்துக்கு அரசியல் சட்டமே காவல். இந்தப் பக்கம் பொறந்தா என்னை மாதிரி ஒருத்தன் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னாக்கூட பூடும்."

முப்பது வருஷம்னு அவரு சும்மா சொன்னாரு, சர்வீசு அப்ப இருபது கூட ஆவல. ஆனா நான் திருத்தல. சொன்ன நியாயம் எனக்குப் புரிஞ்சுது. அன்னைக்குத்தான் நான் மொத மொதல்ல வெக்கப்பட்டேன்.

அப்பால எழுவத்தேழுல ஒரு சட்டம் வந்துச்சு. ஏழைங்களுக்குக் குடுத்த பட்டா நிலம் வேற கைக்குப் போயிருந்தா, பிடுங்கித் திருப்பிக் குடுக்கணும்னு. ஷெட்யூல் ஏரியா அது இதுன்னு இல்ல, எல்லா ஜில்லாவுக்கும். எழுவத்தொன்பதுல ஒரு சப்-கலெக்டர் ஒவ்வொரு ஊரா விசாரிச்சிக்கினு வந்தாரு. சின்ன வயசு, வேற மாநிலத்து ஆளு, தெலுங்கை எண்ணி எண்ணிப் பேசினாரு. செஞ்சம்மா மனு குடுத்தா. தாமோதரன் அமைதியா ஒரே ஒரு காகிதத்தை நீட்டினாரு. "இது கை மாறின நிலமே இல்ல சார். அவங்களே உட்டுட்டுப் போனாங்க. உங்க டிபார்ட்மெண்ட் செயின்மேனே சாட்சிக் கையெழுத்து போட்டிருக்காரு." சாட்சியையும் கூப்பிட்டு விசாரிக்கறதா நோட்டீஸ் வந்துச்சு.

அந்த நோட்டீஸ் வந்த அன்னைக்கு எங்க வூட்ல பெரிய சண்டை. நான் மறுபடியும் பயந்துட்டேன், மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. "கையெழுத்து போட்டது பொய்யின்னு நீங்களே சொன்னா வேலைய உட்டுத் தூக்கிடுவாங்க. யூனிசை யாரு படிக்க வெக்கறது?"ன்னு கத்தினேன். அவரு சத்தமே போடல. "பொய்யின்னு சொல்லப் போறதில்ல. பாதி அளந்து உட்டுட்டேன்னு சொல்லப் போறேன்"னாரு. இந்த மனுஷன்கிட்ட இன்னா பேசறது! புடவைய மாத்திக்கினு நானும் கூடவே கிளம்பினேன்.

அந்த நிலத்துலயே, மாமரத்து நிழல்ல மேசை போட்டு விசாரணை நடந்துச்சு. ஊரே கூடியிருந்துச்சு. சப்-கலெக்டர் அந்தக் காகிதத்தைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?"ன்னாரு.

"என் கையெழுத்துதான் சார். குடிசைய கொளுத்திட்டுப் பூட்டாங்கன்னு சொன்னேன், அது நெசம். ஏன் கொளுத்தினாங்கன்னு கேக்கல சார். சங்கிலி ஒரு கண்ணி கொறைஞ்சாக்கூட நான் மறுபடியும் இஸ்துப் பார்க்கற ஆளு. அன்னைக்கு இஸ்துப் பார்க்கல. இந்தம்மா நிலத்தை உட்டுட்டுப் போவல. சாவுக்கு ஒதுங்கிப் போச்சு. அதை எழுதாதது என் தப்பு. இன்னா தண்டனை வேணா குடுங்க, ஆனா இந்தக் காகிதத்தை மட்டும் நம்பாதீங்க." எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பெருமைதான், வேற இன்னா.

சப்-கலெக்டர் செஞ்சம்மா பக்கம் திரும்பினாரு. "ஏம்மா போனீங்க?"

"செத்தவன் படுத்திருந்த எடத்துல எப்படி சாமி அடுப்பு மூட்டறது?"ன்னா அவ.

அவரு அதை நோட்டுல எழுதிக்கினாரு. நல்ல மனுஷன்தான், அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அப்பால கேட்டாரு: "நிலத்தைத் திருப்பிக் குடுத்தா, நாளைக்கு இன்னொரு சாவு நடந்தா, மறுபடியும் போயிடுவீங்களா? ஒரு வருஷம் காலியா கிடந்தா கைவிட்டதாத்தான் சட்டம் பார்க்கும். உங்க வழக்கத்துக்கு அதுல இடம் இல்ல. அடுத்த தடவை என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

செஞ்சம்மா பதில் சொல்லல. கிழக்கு மூலையில இருந்த கல்லைப் பார்த்துக்கினே நின்னா. ரெண்டு தரம் கேட்டாரு. எழுத்தர் காகிதத்தை நீட்டினாரு, விரலை உருட்டி வெச்சா.

ஒண்ணரை வருஷம் கழிச்சு உத்தரவு வந்துச்சு. மரத்தோட நிலம் செஞ்சம்மாவுக்கே. இவருக்கு மெமோ, இன்க்ரிமெண்ட் கட்டு, திருப்பதிக்கு மாத்தல். ஹாஸ்டல் வேலைய உட்டுட்டு நானும் திருப்பதிக்குப் போனேன். திட்டிக்கினேதான் பாத்திரம் பண்டம் கட்டினேன். ஆனா அந்த ராத்திரி அவரு குறட்டை உட்டுத் தூங்கினாரு. பன்னெண்டு வருஷம் கழிச்சு அந்தக் குறட்டையக் கேட்டதுல எனக்குத் திட்டறதுக்கு மனசு வரல.

செஞ்சம்மா நிலத்துக்கு நடுவுல குடிசை போட்டா. மாமரத்துக்கு நடுவுல கடலை போட்டா. கங்கையா வளந்து பொன்னியம்மான்னு ஒருத்தியக் கட்டினான். ரெண்டு பிள்ளைங்க. வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு மூட்டை கடலையும் மாங்காயும் வரும். அந்த மாங்காவை நான் கை எரியாம ஊறுகா போட்டேன்.

எண்பத்தேழுல அவளுக்கு மாரு சீக்கு முத்திடுச்சு. திருப்பதி ஆஸ்பத்திரியில ஒரு மாசம் வெச்சிருந்தோம். நான்தான் கஞ்சி கொண்டு போயிக் குடுத்தேன். டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க. "என் பூமிக்கு இட்டுக்கினு போடா"ன்னு கங்கையாகிட்ட பிடிவாதம் பிடிச்சா. இட்டுக்கினு போனான். நாலாம் நாளு கங்கையா எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னான்.

"அம்மா உங்களைக் கூப்பிடுது மாமா. சங்கிலியும் எடுத்துக்கினு வரச் சொல்லுது."

ஆபீசுல உதவாதுன்னு தள்ளின பழைய சங்கிலி ஒண்ணு எங்க வூட்ல இருந்துச்சு. எல்லைத் தகராறு ஏதோ வந்துடுச்சு போலன்னு நெனச்சிக்கினு பஸ் பிடிச்சி போனோம். குடிசைக்குள்ள செஞ்சம்மா கயித்துக் கட்டில்ல கிடந்தா. எலும்பும் தோலும்தான். ஆனா கண்ணு மட்டும் தெளிவா இருந்துச்சு.

"அண்ணா, எங்க பூமி கிழக்கால எங்க முடியுது? கல்லைக் காட்டு."

கல்லு முள்ளுச்செடிக்குள்ள மறைஞ்சி கிடந்துச்சு. கங்கையா வெட்டி எடுத்தான். "இந்தா இருக்குதும்மா கல்லு"ன்னாரு இவரு.

"என்னைக் கட்டிலோட தூக்கி அந்தக் கல்லுக்கு அந்தாண்ட வெய்யுங்க"ன்னா அவ.

எனக்கு ஒண்ணும் புரியல. "பைத்தியமாடி ஒனக்கு? அது வண்டிப்பாதை. வெயில் கொளுத்துது. வூடு இருக்குது, வாசல் இருக்குது, பிள்ளை இருக்கறான். நடுரோட்டுல எதுக்குப் போயி படுக்கறே?"ன்னு கத்தினேன்.

அவ என் கையைப் பிடிச்சா. "அன்னைக்கு அந்தத் தொரை ஒண்ணு கேட்டாரே வதினா, நான் பதில் சொல்லலியே. எட்டு வருஷமா யோசிச்சிக்கினு இருக்கேன். நான் உள்ள செத்தா பிள்ளைங்க வெளிய போவணும். போனா நிலம் பூடும். போவாம இருந்தா எங்க ஜனம் அவங்களைச் சேத்துக்காது. அதனால நான் போறேன்."

கங்கையா குழந்தை மாதிரி அழுதான். கட்டிலைத் தூக்கினோம், ஒரு பக்கம் அவனும் இவரும், ஒரு பக்கம் நானும் பொன்னியம்மாவும். பாதை ஓரமா வெச்சிட்டு இவரு சங்கிலியப் பிரிச்சாரு. கல்லுல இருந்து கட்டில் கால் வரைக்கும் அளந்தாரு. பத்து கண்ணி. "பத்தாது, இன்னும் ரெண்டு கண்ணி தள்ளு. பின்னால எவனும் பேசக் கூடாது"ன்னாரு. தள்ளினோம். பன்னெண்டு கண்ணி. மேல பனை ஓலை போட்டோம்.

மூணு நாளு அங்கியே கிடந்தா. மாட்டு வண்டிக்காரங்க பார்த்துட்டு மெதுவா ஒதுங்கிப் போனாங்க. தாமோதரன் வூட்டு டிராக்டர்காரன் மட்டும் ஆரன் அடிச்சான். நான் நடுரோட்டுல போயி நின்னேன். "இது கவர்மெண்ட் ரோடுடா. வேணும்னா உங்க எசமானை வந்து அளந்து பார்க்கச் சொல்லு. சங்கிலி ரெடியா இருக்குது!" வண்டிய பின்னாடி எடுத்துக்கினு பூட்டான்.

மூணாம் நாளு காலையில, வெயில் ஏறதுக்கு முந்தி, கங்கையா வாயில தண்ணி ஊத்தும்போது உயிர் பூடுச்சு. நிலத்தைப் பார்த்த மாதிரிதான் தலை திரும்பியிருந்துச்சு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. எந்தச் சட்டத்துல இருக்குது, ஒரு பொம்பள தன் வூட்ல சாகக் கூடாதுன்னு? எந்தச் சட்டத்துலயும் இல்ல. ஆனா சாவுக்கு ஒதுங்கிப் போறவங்களுக்கு ஒரு வருஷம் லீவு குடுக்கவும் எந்தச் சட்டத்துலயும் இல்லியே. நிலத்தைக் காப்பாத்தறதுக்கு அத்தினி காகிதம் எழுதின பெரிய படிப்பாளிங்க யாரும் அவளை ஒரு வார்த்தை கேக்கல. எங்க வூட்டுக்காரரும் ஒரு நாள் கேக்கல. நானும் கேக்க உடல.

அழுகை கொஞ்சம் ஓஞ்சப்புறம் பொன்னியம்மா குடிசை வாசல்ல வந்து நின்னா. பிள்ளைங்க ரெண்டும் பசியில முனகிக்கினு அவ புடவையப் பிடிச்சிக்கினு இருந்துச்சுங்க. உள்ள போவவும் பயம், வெளிய நிக்கவும் பயம். எங்க இவரைப் பார்த்துக் கேட்டா: "மாமா, அடுப்பு மூட்டலாமா?"

இவரு எழுந்தாரு. சங்கிலிய எடுத்தாரு. முந்தாநேத்து அளந்ததுதான், கட்டில் அசையவே இல்ல. ஆனாலும் கல்லுல ஒரு முனைய வெச்சி, குனிஞ்சி, ஒவ்வொரு கண்ணியா விரலால தொட்டு எண்ணினாரு. ஊரே பார்த்துக்கினு இருந்துச்சு.

"பன்னெண்டு கண்ணி"ன்னாரு. "கல்லுக்கு அந்தாண்ட. மூட்டும்மா."

சொல்லிட்டு அந்தக் கல்லு பக்கத்துலயே குந்திக்கினு தேம்பித் தேம்பி அழுதாரு. நான் தடுக்கல. மத்தியானம் அந்த வூட்ல சோறு வெந்துச்சு. பிள்ளைங்க துன்னுச்சுங்க, நாங்களும் துன்னோம்.